சட்டைக் கை மடிக்கும் சத்தம்

பிப்ரவரி 11

'சாம்பல் நாரை' சித்திரக்கதையில் சத்தம் எழுதுகிறவருக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. புத்தகத்தின் முதல் பக்கத்தில் கதை எழுதியவர், படம் வரைந்தவர், வண்ணம் தீட்டியவர், தமிழாக்கியவர் என்று எல்லோர் பெயரும் இருக்கிறது. 'படீர்' எழுதியவர் பெயர் மட்டும் இல்லை. அதனால் உறையின் மேல் 'சத்தம் எழுதுபவர்' என்றே போட்டிருக்கிறேன். உங்கள் அலுவலகத்தில் அப்படி ஒரே ஒருவர்தான் இருப்பார் என்ற தைரியம்தான்.

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. சண்டை போடத்தான் எழுதுகிறேன்.

நாரை யார் என்று உங்களுக்கே சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். இருந்தாலும் கோபத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லித்தான் எனக்குப் பழக்கம். பகலில் குடை பழுது பார்ப்பவர். அநியாயம் கண்ணில் பட்டால் மூங்கில் நுனியிலும் கம்பியிலும் நின்று சண்டை போடுபவர். முதல் அடியை ஒருபோதும் அவர் அடிக்க மாட்டார். குடையை மடக்கிச் சுவரில் சாய்ப்பார். இடது சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடிப்பார். 'சரக். சரக்.' எதிரிக்குப் பாதி உயிர் அப்போதே போய்விடும்.

இந்த மாத இதழில் துறைமுகக் கிடங்கில் ஒரு கூட்டத்தையே அடித்துப் போடுகிறார். எங்கே சத்தம்? 'சரக்' இல்லை, 'படீர்' இல்லை, தகரக் கதவில் ஆள் மோதும் 'டமார்' இல்லை. படத்தோடு சேர்ந்து வந்த அந்நிய எழுத்து அப்படியே கிடக்கிறது, எனக்குப் படிக்கத் தெரியாத கோடுகளாக.

எனக்கு ஆறு வயதில் ஒரு காய்ச்சலில் காது போயிற்று. குழாய்த் தண்ணீர் வாளியில் விழும் சத்தமும், அம்மா என்னைக் கூப்பிடும் குரலும் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது. மற்றதெல்லாம் உங்களிடம் படித்தது. கண்ணாடி உடைந்தால் சலீர். ஈரத் துணி தரையில் விழுந்தால் சொத். நான் ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். தரைக்குக் கீழே பெரிய பெரிய இயந்திரங்கள். மற்றவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறார்கள், எனக்கு அந்தப் பஞ்சு மிச்சம். ஆனால் துவைத்த விரிப்புகள் வண்டியிலிருந்து சரியும்போது அது சொத் என்று எனக்குத் தெரியும். வீட்டில் அக்காவின் குழந்தை தூங்கும்போது நான் சட்டைக் கையைக்கூட வெளியே போய்த்தான் மடிப்பேன். சரக் என்று கேட்டு விழித்துக்கொண்டால் யார் மறுபடி தூங்க வைப்பது?

அப்படிப்பட்டவளுக்கு, இந்த இதழைப் புரட்டியபோது இரண்டாவது தடவையாகக் காது போயிற்று.

ஏன் நிறுத்தினீர்கள்? உடம்பு சரியில்லையா? அப்படியானால் சண்டையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இல்லையென்றால் பதில் எழுதுங்கள்.

சலவைக்கூடத்து வாசகி


பிப்ரவரி 24

வாசகி அம்மாவுக்கு,

உங்கள் உறை மூன்று மேசை சுற்றி என்னிடம் வந்தது. 'சத்தம் எழுதுபவர்' என்று படித்துவிட்டுக் கணக்குப் பிரிவில் ஒருவர், "இது புகார்க் கடிதமா, பதவியா?" என்று கேட்டாராம்.

பதினெட்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன். நாரைக்குக் கடிதம் வரும், ஓவியருக்கு வரும், நாரையின் குடைக்குக்கூட ஒருவர் கவிதை அனுப்பினார். எனக்கு வந்த முதல் கடிதம் இது. வீட்டில் காட்டினேன். "உங்களுக்கா? விலாசத்த நல்லாப் பாருங்க, பக்கத்து மேசைக்கு வந்திருக்கப் போகுது" என்றாள் மனைவி. அவளுக்கு என் மேல் பழைய கோபம் உண்டு. ஒரு சத்தத்துக்குச் சரியான சொல் கிடைக்காவிட்டால் வீட்டுப் பாத்திரத்தைக் கீழே போட்டுக் கேட்டுப் பார்ப்பேன். பித்தளைத் தட்டும் எவர்சில்வர் தட்டும் ஒரே மாதிரி விழாது, தெரியுமா? எங்கள் வீட்டில் நெளியாத தம்ளர் கிடையாது.

உடம்புக்கு ஒன்றுமில்லை. சத்தத்தை நான் நிறுத்தவில்லை, மேலாளர் நிறுத்தினார். பழைய எழுத்தை அழித்து, அந்த இடத்தில் படத்தை ஒட்டிப் புதிதாகத் தமிழில் எழுத நாள் பிடிக்கிறதாம். "சத்தத்த யாருய்யா படிக்கிறாங்க? கண்ணு தாண்டிப் போயிட்டே இருக்கும்" என்றார். எதிர்த்துச் சொல்ல என்னிடம் ஒரு சாட்சியும் இல்லை. எனக்கே அது சரிதானோ என்று தோன்றிவிட்டது. இப்போது வசனக் குமிழிகளில் ஒற்றுப்பிழை பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் சட்டைப் பையில் இருக்கிறது. நன்றி என்று ஒரு சொல்லில் முடிக்க மனம் வரவில்லை. வேறு சொல் தெரியாததால் அதையே எழுதுகிறேன். நன்றி அம்மா.

ஒரு விஷயம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சட்டைக் கை மடித்தால் சத்தம் வராது. யாருக்கும் கேட்காது. முதல் இதழில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது, அடிக்கு முன்னால் ஏதாவது வேண்டும் போலிருந்தது. 'சரக்' என்று நானாகப் போட்டேன். அது நிலைத்துவிட்டது. நீங்கள் இனி அறைக்குள்ளேயே மடிக்கலாம்.

சத்தக்காரன்


மார்ச் 8

சத்தக்கார அண்ணாவுக்கு,

இப்படிக் கூப்பிடலாம் அல்லவா? ஐயா என்றால் நீங்கள் கண்ணாடிக்கு மேலே பார்ப்பது போல இருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அக்காவை உட்காரவைத்து, அவள் காதுக்குப் பக்கத்தில் என் சட்டைக் கையை மடித்தேன். "ஏதாவது கேக்குதா?" என்றேன். "என்னடி கேக்கணும்?" என்று அவள் உதடு அசைந்தது. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள் பாருங்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. "நீ வெளிய போறதப் பாத்து, இவளுக்கு வெக்கம் ஜாஸ்தின்னுல்ல நெனச்சேன்!" இத்தனை நாளாக மழையிலும் வெயிலிலும் வாசலில் நின்று கை மடித்திருக்கிறேன். முதலில் உங்கள் மேல் கோபம் வந்தது. பிறகு நானும் சிரித்தேன். ராத்திரி படுத்த பிறகு கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. ஒரு சத்தம் குறைந்துவிட்டது அல்லவா?

கைபேசியில் எழுதினால் சீக்கிரம் ஆகுமே என்று அக்கா கேட்கிறாள். கைபேசியில் எழுதினால் அடுத்த நிமிடம் "பேசலாமா?" என்று மணி அடிப்பார்கள். கடிதத்தில் எல்லோருக்கும் ஒரே காதுதான்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஜூனில் நாரையின் இரண்டாவது திரைப்படம் வருகிறது. நான் ரசிகர் மன்றத்தில் இருக்கிறேன். எங்கள் தலைவர் சைக்கிள் கடைக்காரர். தொங்கும் டயர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, நாரை ஒரு பீரங்கி வண்டியோடு மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்று அடித்துக்கொள்வோம். பேச்சு வேகமானால் தலைவர் எனக்காக டயரில் சுண்ணக்கட்டியால் எழுதிக் காட்டுவார். முதல் நாள் காலைக் காட்சிக்கு மொத்த அரங்கையும் பிடித்திருக்கிறோம்.

முதல் படத்துக்கும் இப்படித்தான் போனேன். அது வேற்று மொழிப் படம், கீழே பேச்சு மட்டும் தமிழில் வந்தது. நாரை பேசுவது மொத்தமே நாலு வரி. மீதி நேரமெல்லாம் அடி. அடி விழும், அரங்கமே துள்ளும், பக்கத்து நாற்காலி ஆடுவதைப் பார்த்துவிட்டு நானும் துள்ளுவேன். எல்லோரும் துள்ளி முடித்த பிறகு துள்ளியவள் நான் ஒருத்திதான். ஒரே பந்தியில் உட்கார்ந்து, எல்லோரும் எழுந்த பிறகு எனக்கு இலை போட்டது போல.

இந்தத் தடவை எல்லோரோடும் துள்ள வேண்டும். அவ்வளவுதான் ஆசை. படத்துக்குக் கீழே நீங்கள் சத்தம் எழுத முடியுமா?

தங்கச்சி


மார்ச் 29

தங்கச்சிக்கு,

தங்கச்சி என்று நீயே எழுதிவிட்டதால் இனி 'நீங்கள்' கிடையாது.

நல்ல செய்தி. படத்துக்குத் தமிழ் வரிகள் எழுதும் வேலை எங்கள் பதிப்பகத்துக்குத்தான் வந்திருக்கிறது. உன் கடிதத்தை மேலாளரிடம் காட்டினேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார். உங்கள் மன்றத்தின் காட்சிக்குச் சத்தமும் சேர்த்து எழுதலாமாம், சித்திரக்கதையிலும் சத்தம் திரும்பி வருமாம். ஒன்றே ஒன்று கேட்கிறார். உன் புகைப்படமும் கதையும் சுவரொட்டியில் வர வேண்டும். "அந்தப் பொண்ணு படத்தப் பெருசாப் போடுவோம். 'கேளாத காதிலும் கேட்ட நாரை'ன்னு தலைப்பு. சனங்க அழுதுடுவாங்க!" என்றார்.

சரி என்று ஒரு வரி எழுதிவிடு. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்துக்கொள்கிறேன்.

அண்ணா


ஏப்ரல் 4

ஐயா,

என்னைப் பார்த்து யாரும் அழ வேண்டாம். நான் அழ வைக்க வந்தவள் இல்லை, அடி பார்க்க வந்தவள்.

மன்றத்தில் என்னை எல்லோருக்கும் தெரியும். பீரங்கி வண்டிதான் ஜெயிக்கும் என்று பிடிவாதமாகச் சொல்கிறவள் என்று தெரியும். அந்தச் சுவரொட்டி ஒட்டிய மறுநாள் நான் அங்கே போனால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைப்பார்கள். பிறகு யார் என்னோடு சண்டை போடுவார்கள்?

என் கடிதம் உங்களுக்கு எழுதியது. என் காதை ஊருக்குக் காட்டித்தான் சத்தம் வர வேண்டும் என்றால் சத்தமே வேண்டாம். போன தடவை போல எல்லோருக்கும் பின்னால் துள்ளிக்கொள்கிறேன்.

வாசகி


ஏப்ரல் 20

தங்கச்சி,

நீ 'ஐயா' என்று எழுதிய அன்று, அந்த ஒரு சொல்லுக்கு எந்தச் சத்தம் போடலாம் என்று யோசித்தேன். 'பளார்' தவிர வேறு பொருந்தவில்லை. வாங்கிக்கொண்டேன். கேட்காமல் கடிதத்தைக் காட்டியது தப்பு. மேலாளரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன், உன் கடிதத்தையும் திரும்ப வாங்கிவிட்டேன்.

அதோடு விடவும் மனம் வரவில்லை. வாசகர் பக்கத்தைத் தொகுப்பவரிடம் கெஞ்சி ஒரே ஒரு கேள்வி போடச் சொன்னேன். 'சமீபத்து இதழ்கள் எப்படி இருக்கின்றன?' சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, உன்னைப் பற்றியும் இல்லை.

தங்கச்சி, வந்த கடிதங்களை நீ பார்த்திருக்க வேண்டும். காகிதம் மட்டமாகிவிட்டது என்கிறார் ஒருவர். காகிதம் அதே காகிதம். வண்ணம் வெளுத்துவிட்டது என்கிறார் ஒரு பள்ளி ஆசிரியை. சண்டை உப்புச் சப்பில்லாமல் இருக்கிறது, ஏனென்று தெரியவில்லை என்கிறார் ஒரு லாரி ஓட்டுநர். நாரைக்கு வயதாகிவிட்டது, அடியில் தெம்பு இல்லை, கௌரவமாக ஓய்வு கொடுத்துவிடுங்கள் என்று ஒரு பெரியவர். எல்லோருக்கும் காது நன்றாகக் கேட்கும். என்ன காணாமல் போனது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

மேலாளர் அத்தனையையும் படித்தார். "என்னய்யா இது, நாரைக்கு வயசாயிடுச்சாம்!" என்று தலையில் கை வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். "போ, உன் படீர் தடாரையெல்லாம் எடுத்துட்டு வா." அடுத்த இதழிலிருந்து சத்தம் வருகிறது. படத்துக்கும் எழுதலாம். உன் பெயர் எங்கேயும் வராது. மன்றத் தலைவரிடம் 'இது புது மாதிரி' என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். அவர், "சண்டைப் படத்துக்குச் சத்தத்தையும் எழுதிப் போட்டா ரெண்டு மடங்கு சண்டைதானே, போடுங்க" என்றாராம்.

உன் கடிதம் வராமல் இருந்திருந்தால் நான் இந்த நாற்காலியிலேயே வாயை மூடிக்கொண்டு ஓய்வு பெற்றிருப்பேன். இதை நீ மறக்கக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

இப்போது ஒரு சிக்கல். படத்தை அலுவலகத்தில் போட்டுப் பார்த்தேன். கடைசிச் சண்டைக்கு முன்னால் நாரை குடையைச் சாய்க்கிறார், மழை நிற்கிறது, சட்டைக் கையை மடிக்கிறார். படத்தில் அந்த இடத்தில் இசைகூட இல்லை. ஒரு சத்தமும் இல்லை. 'சரக்' என்று எழுதட்டுமா? எழுதினால் அது படத்தில் இல்லாதது. எழுதாவிட்டால் அது நம் நாரையே இல்லை. என் கை துறுதுறுக்கிறது. நீ சொல்வதைச் செய்கிறேன்.

அண்ணா


மே 2

அண்ணா,

கோபம் போய்விட்டது. அந்தப் பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், நாரைக்கு ஓய்வு கேட்ட அவர் வாயில் சர்க்கரை போட வேண்டும்.

எனக்கும் முதலில் 'எழுதுங்கள்' என்றுதான் தோன்றியது. அந்தச் சத்தத்தை நான் இன்னும் விடவில்லை. சலவைக்கூடத்தில் வேலை தொடங்கும்போது சட்டைக் கையை மடித்தால் மனசுக்குள் சரக் என்று ஒன்று வரத்தான் செய்கிறது.

ஆனால் யோசித்துப் பார்த்தேன். அரங்கத்தில் மற்றவர்களுக்குக் கேட்காத ஒன்றை நீங்கள் எழுதினால், அவர்களுக்கு அது வெறும் எழுத்து, எனக்கு மட்டும் சத்தம். நான் மறுபடி வேறு படம் பார்க்கிறவள் ஆகிவிடுவேன். போன தடவை அவர்களைவிடக் குறைவாகக் கிடைத்தது, இந்தத் தடவை கூடுதலாகக் கிடைக்கும். இரண்டும் தனிப் பந்திதான். எனக்கு எல்லோருக்கும் கிடைப்பதே போதும். அங்கே ஒன்றும் கேட்காது என்றால் ஒன்றும் எழுதாதீர்கள். அவர்களோடு சேர்ந்து எனக்கும் ஒன்றும் கேட்காமல் இருக்கட்டும். அது எனக்குப் புதிதாக இருக்கும்.

தங்கச்சி


மே 23

தங்கச்சி,

எழுதவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். பதினெட்டு வருடத்தில் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான்.

மற்ற எல்லா இடத்திலும் குறை வைக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியில் ஆள் விழுவதற்குத் 'தொபுக்கடீர்' போட்டிருக்கிறேன். ஓட்டின் மேல் நாரை நடக்கும்போது வேறு யாராக இருந்தாலும் 'கடகட' போட்டிருப்பேன், அவருக்கு 'டிக்... டிக்...' தான். அடி விழும் நொடியும் எழுத்து வரும் நொடியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று தொழில்நுட்பக்காரரைப் பாடாய்ப் படுத்திவிட்டேன். "அரை நொடியில என்ன சார் இருக்கு?" என்றார். "ஒரு ஆளோட துள்ளல் இருக்கு" என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

உங்கள் காட்சிக்கு வர வேண்டும் என்று பயணச்சீட்டு வரை பார்த்தேன். மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அதே வாரம். பதினெட்டு வருடம் பாத்திரம் பறிகொடுத்தவளைத் தனியாக விட முடியாது. படம் எப்படி என்று எழுத வேண்டாம், நான்தான் பார்த்துவிட்டேனே. நீ எப்போது துள்ளினாய் என்று மட்டும் எழுது.

அண்ணா


ஜூன் 15

அண்ணா,

அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? அவர்கள் எழுந்து நடக்கும்போது 'மளுக்' என்று கேட்டதாக எதையும் எழுதி வைக்காதீர்கள், அடிப்பார்கள்.

துள்ளினேன் அண்ணா. முதல் சண்டையிலேயே. தகரக் கூரையில் ஒருவன் விழுந்தான், 'டமார்' வந்தது, நான் துள்ளினேன், பக்கத்து நாற்காலியும் அதே நேரத்தில் ஆடியது. திரும்பிப் பார்த்தால் மன்றத் தலைவர். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்குத்தான் புரியும். தொபுக்கடீருக்கு அரங்கமே சிரித்தது, நானும் அவர்களோடு சிரித்தேன். அந்தத் தொழில்நுட்பக்காரரிடம் சொல்லுங்கள், அரை நொடியில் எல்லாம் இருக்கிறது.

பிறகு கடைசிச் சண்டை. மழை நின்றது. குடையைச் சுவரில் சாய்த்தார். திரைக்குக் கீழே ஒன்றும் இல்லை. சரி, எல்லோருக்கும் ஒன்றும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை, நாம் பேசிக்கொண்டபடிதான் என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். நாரை இடது கையைத் தூக்கினார். முதல் மடிப்பு.

என் காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது.

சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள் நான், தரை அதிர்ந்தால் உடனே திரும்பிப் பார்ப்பேன். திரும்பினேன். அண்ணா, அரங்கத்தில் இருந்த அத்தனை பேர் வாயும் திறந்திருந்தது. தலைவர், அவர் மனைவி, பின் வரிசையில் வழுக்கைத் தலைப் பெரியவர், எல்லோரும். ஒரே வாய், ஒரே சொல். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் முன்கூட்டிப் பேசி வைக்கவில்லை. படத்தில் சத்தம் வரவில்லை என்றதும் அவர்களாகவே போட்டுவிட்டார்கள். எல்லோரும் உங்களைத்தானே இத்தனை வருடம் படித்திருக்கிறார்கள்! கண் தாண்டிப் போகும் என்று சொன்ன உங்கள் மேலாளரை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது மடிப்புக்கு நானும் கத்தினேன். என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, அதனால் வெளியில் நான் அதிகம் பேச மாட்டேன். அன்றைக்கு அதை நினைக்கவே இல்லை. எல்லோருக்கும் பின்னால் இல்லை, முன்னாலும் இல்லை. "சரக்!" என்று அவர்களோடு சேர்ந்து கத்தினேன். நாற்காலியின் கைப்பிடி என் உள்ளங்கைக்குள் நடுங்கியது. அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன், உங்களிடம் என்ன மறைப்பது?

வெளியே வந்ததும் தலைவர் டயர் கிடைக்காமல் தன் உள்ளங்கையில் எழுதிக் காட்டினார்: 'சத்தம் எழுதியவன் ஒரே ஒரு இடத்துல தூங்கிட்டான், பாத்தியா?' ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, நானும் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நன்றி அண்ணா. நீங்கள் எழுதிய எல்லாவற்றுக்கும், எழுதாமல் விட்ட அந்த ஒன்றுக்கும்.

வீட்டுக்கு வரும்போது மதியம். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், குழந்தை கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. உதவலாம் என்று சட்டைக் கையில் கை வைத்தேன். பிறகு மெதுவாகக் கதவைத் திறந்து, வெளியே போய் நின்றுதான் மடித்தேன். இனிமேல் அதற்குச் சத்தம் உண்டு அல்லவா?

தங்கச்சி